கரையிறங்கும்போது கொடுக்கும் காசு

தர்மபுரியில் ரோட்டு இன்ஜினியர் துரை குடியிருந்த பங்களாவில் நான் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது கூட நிரம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். அதனால் என் ஊர் நல்லம்பள்ளியில் என் வயசுப் பெண்களெல்லாம் என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். கல்யாணமான மறுவருஷமே காலரா வந்து புருஷன் போய்விட்டார். அடுத்தவர் காட்டில் களை பறிப்பதைவிட மாதச் சம்பளம் தேவலை என்றுதான் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததில் இங்கிலீஷ் கொஞ்சம் புரியும். துரைசாணிக்கு அது போதுமாக இருந்தது.

குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். பெண் குழந்தை. அவளைத் தூக்கி இடுப்பு மரத்துப்போன நாட்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. பல் முளைத்தபோதும், அம்மை போட்டபோதும், நடக்கப் பழகியபோதும் என்னிடம்தான் இருந்தாள். பேசத் தொடங்கியபோது எங்கள் பேச்சைத்தான் பேசினாள். "ஆயா, வூட்டுக்குப் போலாம் வா" என்று அந்த வெள்ளைக் குழந்தை கூப்பிடும்போது தோட்டக்காரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பான். துரைசாணி சிரிக்கமாட்டாள். ஐந்து வயது முடிந்ததும் குழந்தையைச் சீமையில் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று முடிவாயிற்று.

"லண்டன் வரைக்கும் நீ வா. சேர்ந்ததும் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்றாள் துரைசாணி.

ஆத்தாவிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"கடலத் தாண்டிப் போயிட்டு வந்தவள எவ சேத்துக்குவா?"

"இப்ப மட்டும் எவ சேத்துக்கிட்டா?" என்றேன்.

அவள் தலை நிமிராமல் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

துரை எங்களை மொரப்பூர் வரைக்கும் சின்ன ரயிலில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து பெரிய ரயில், பிறகு பம்பாய், பிறகு கப்பல். கப்பலில் முதல் சில நாட்கள் துரைசாணி படுத்த படுக்கை. குழந்தையும் வாந்தி. எனக்கும் தலை சுற்றியது, ஆனால் படுக்க யார் விட்டார்கள்? குழந்தையின் கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, கப்பல் சாய்ந்தபோதெல்லாம் அவள் விழாமலிருக்கக் கையை மேலே கொடுத்தபடியே கிடந்தேன்.

கடல் அடங்கிய பிறகு துரைசாணி எழுந்து உட்கார்ந்து என்னிடம் ஒரு தோல்பையைக் கொடுத்தாள். அதில் சில்லறை. அவளுக்குக் காசைக் கையால் தொடப் பிடிக்காது. கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் இடங்களில் கொடுக்கவேண்டிய இனாமையெல்லாம் நான்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அதற்கு அவள் சொன்ன முறைகள் ஒரு பாடம் போல இருந்தன. கப்பல் ஆட்களுக்கு முதல் நாள் கொடுக்கக் கூடாது, இறங்கும் நாளில் உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர் பார்க்கக் கொடுக்கக் கூடாது. படகுக்காரனுக்குப் பாதி வழியில் கொடுக்கக் கூடாது, கரையைத் தொட்ட பிறகுதான். ரூபாயை அங்கே எவனும் வாங்கமாட்டான். வாங்கினால் ஏமாற்றுவான். ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்த ஊர்க் காசைத்தான் கொடுக்க வேண்டும், புறப்படும்போது அந்த ஊர்க் காசு மிச்சமிருக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த ஊரில் அது செல்லாது.

தர்மபுரி பங்களாவுக்கு வருகிற போகிற துரைமார் வாசலில் வரிசையாக நிற்கும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதைத்தான் நான் பார்த்திருந்தேன். வாங்கியே பழகிய கை. கொடுப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

போர்ட் சையதில் கப்பல் நின்றதுமே பையன்கள் தண்ணீரில் நீந்தியபடி மேலே பார்த்துக் கத்தினார்கள். மேல்தட்டிலிருந்து காசை வீசினால் மூழ்கி எடுத்து, பல்லில் கடித்துக் காட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரர் செப்புக் காசை வெள்ளிக் காகிதத்தில் சுற்றி வீசினார். எடுத்தவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கமாக ஏதோ திட்டினான். மேலே எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தாள். எனக்கும் ஒன்று கொடு, நானும் போடுகிறேன் என்று பையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங் கண்ணு" என்று பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கரையில் குதிரைவண்டி பிடித்து ஊரைச் சுற்றினோம். தெருமுனையில் ஒருவன் சட்டைக் கைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சுகளை எடுத்து வித்தை காட்டினான். குழந்தைக்கு அங்கிருந்து வர மனமில்லை. துரைசாணி விரலால் எனக்குச் சைகை காட்டினாள், ஒன்று என்று. நான் அந்த ஊர்க் காசான பியாஸ்தர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் உள்ளங்கையை மூடாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். துரைசாணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். தன்னைப் போன்ற நிறமுள்ளவள் இவ்வளவு கொஞ்சமாகக் கொடுப்பாளா என்கிற பார்வை. வண்டிக்காரனும் அப்படித்தான். பிறகு மால்டாவில் படித்துறையில் இறக்கிவிட்ட படகுக்காரனும், மாதா கோயில் வாசலில் தலைக்குத் துணி கொடுத்த கிழவியும் அப்படித்தான். கொடுக்கச் சொன்னவள் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிடுவாள். முறைப்பெல்லாம் எனக்கு. வெயிலில் குழந்தை ஒரு பக்கம் இடுப்பில், பை ஒரு பக்கம் கையில். மொழி தெரியாத ஆட்களிடம் திட்டு வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. களை பறித்திருந்தால் கூட இப்படி அசந்திருக்கமாட்டேன்.

மால்டாவில்தான் துரைசாணி குழந்தைக்கும் பழக்கினாள். "நமக்கு வேலை செய்தவர்களுக்கு நாம் ஏதாவது கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுத் தாங்க் யூ சொல்ல வேண்டும்" என்றாள். நான் ஒரு பென்னியைக் குழந்தையின் கையில் வைத்தேன். அவள் அதைப் படகுக்காரன் கையில் வைத்து, தலையை ஆட்டி, தாங்க் யூ என்றாள். என்னை முறைத்த அதே மனிதர் அவளுக்கு முன்னால் குனிந்து தொப்பியைக் கழற்றினார். அன்று முழுவதும் அவளுக்கு அதுவே விளையாட்டு. கப்பலில் தண்ணீர் கொண்டுவந்தவனுக்குச் சட்டைப் பொத்தானைக் கொடுத்துத் தாங்க் யூ சொன்னாள்.

பிரெஞ்சுக்காரர் துறைமுகமான மார்செய் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் துரைசாணி மேஜையில் உறைகளைப் பரப்பினாள். அறையைப் பார்த்துக்கொண்டவனுக்கு, சாப்பாடு பரிமாறியவனுக்கு, குளியலறை ஆளுக்கு என்று பணத்தை வைத்துக் கொடுக்க, நான் நாக்கால் ஈரமாக்கி ஒட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் யாருக்கு என்று எழுதினாள். கடைசியில் ஒரு உறையில் எதுவும் எழுதாமல் அவளே ஒட்டி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். லண்டனுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, இப்போதே ஏன் கொடுக்கிறாள் என்று மட்டும் எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

மறுநாள் கரையில் துரைசாணியின் தங்கை காத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு வெள்ளைக்காரத் தாதி. அவர்கள் அங்கிருந்து ரயிலில் போவதாக ஏற்பாடாம். எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்து விடுதியில் இடம். இந்தியாவுக்குப் போகும் ஒரு குடும்பத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், அவர்களோடு நான் திரும்ப வேண்டுமாம். இவ்வளவையும் துரைசாணி மூட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னாள். பிறகு கைப்பையைத் திறந்து அந்த உறையை எடுத்துக் கொடுத்தாள்.

"நன்றாகப் பார்த்துக்கொண்டாய்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததா, வெயிலா என்று எனக்குத் தெரியவில்லை.

உறையைப் பார்த்ததும் குழந்தைக்கு விளையாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. தன் சட்டைப் பைக்குள் துழாவி, மால்டாவில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பென்னியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தலையை ஆட்டி, "தாங்க் யூ" என்றாள். தங்கைக்காரி ரசித்துச் சிரித்தாள். நான் தொப்பியைக் கழற்றுவதுபோல் தலையைத் தொட்டுக் குனிந்தேன். வேறென்ன செய்யத் தெரியும்?

குழந்தை கலகலவென்று சிரித்துவிட்டு வழக்கம்போல இரண்டு கைகளையும் தூக்கினாள். "வா ஆயா, வூட்டுக்குப் போலாம்."

தாதி அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும் காரில் ஏறினாள். கார்க் கதவு சாத்தும்வரைக்கும் அவளுக்கு விஷயம் புரியவில்லை. சாத்திய பிறகுதான் கத்தினாள். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

விடுதியில் நான் பெரும்பாலும் தூங்கினேன். வருஷக்கணக்கில் விட்ட தூக்கம். நடுவில் விழித்தால் பக்கத்தில் கையால் தடவிப் பார்ப்பேன், பிறகு நினைவு வந்து மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன். அறையைப் பெருக்குகிற நடுவயசுப் பெண் ஒருத்தி, கையெல்லாம் சோடாக்காரத்தில் வெடித்தவள், காலையில் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்வாள். நானும் தமிழில் ஏதோ சொல்வேன். புறப்படுகிற அன்று அவள் கதவோரம் துடைப்பத்தைப் பிடித்தபடி, வேலை முடிந்தும் போகாமல் நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். தர்மபுரியில் நான் அப்படி எத்தனையோ முறை நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் உறையைக் கிழித்தேன். பிராங்க் நோட்டுகளும் சில காசுகளும். எது எவ்வளவு பெறும் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். பாதிப் படியில் ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். கோபமாகப் பேசினாள். நோட்டையெல்லாம் மடித்து என் கையில் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். ஒரே ஒரு காசை மட்டும் எனக்குக் காட்டித் தன் ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். அதுதான் அங்கே வழக்கம் போலிருக்கிறது.

அவள் அதைத் திருப்பித் தந்தது நல்லதாய்ப் போயிற்று. திரும்பும் கப்பலில் இரட்டைக் குழந்தைகள், நான் மறுபடி தரையில். பம்பாயில் அந்தக் குடும்பம் வடக்கே போய்விட, துறைமுக வாசலில் ஒரு சேட்டு அந்த நோட்டுகளை ரூபாயாக்கிக் கொடுத்தார். ஊர் வந்து சேர அது சரியாகப் போயிற்று.

துரை பங்களாவில் தனியாக இருந்தார். என் சம்பளத்தைக் குறைவில்லாமல் கொடுத்தார். கொடுத்த பிறகும் போகச் சொல்லவில்லை.

"குழந்தை அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க தொரை. சிரிச்சிக்கிட்டேதான் போச்சுங்க."

அவர் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஐயோ, எதையாவது எடுத்து நீட்டிவிடப் போகிறாரே என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன். கைக்குட்டையைத்தான் எடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாயிற்று. குழந்தையைப் பற்றி அதன்பிறகு ஒரு தகவலும் எனக்கு வரவில்லை. இப்போது அவளுக்கும் குழந்தைகள் பிறந்திருக்கும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சின்ன ரயிலின் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயா. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு ஓடுவேன். ஆண் குழந்தை பிறந்தால் வெளியே நிற்கிறவர்கள் சந்தோஷத்தில் காசை நீட்டுவார்கள், பெண் குழந்தை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீட்டினால் வாங்கிக்கொள்வேன். நீட்டாதவர்கள் முன்னால் நிற்கமாட்டேன், அவ்வளவுதான். மற்ற ஆயாக்களுக்கு என்மேல் கோபம். "நீ இப்பிடி வந்துட்டா நாங்க எப்பிடிக் கேக்கறது?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

ஒரு மழைக்காலத்தில் வத்தல்மலையிலிருந்து ஒருவர் மனைவியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார். இரண்டு நாள் கஷ்டப்பட்டுப் பெண் பிறந்தது. பிழைத்தார்கள், இரண்டு பேரும். சில வாரம் கழித்து அதே ஆள் ஒரு துணிமூட்டையோடு வார்டு வாசலில் நின்றார்.

"என்னாங்க இது?"

"சாமைங்க. காட்டுல வெளஞ்சது. புள்ளைக்கு ஒடம்பு தேவலைங்க, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"மலைல இருந்து இதுக்காகவா நடந்து வந்தீங்க?"

"சந்தைக்கும் வந்தேனுங்க" என்று அவர் சிரித்தார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் பாதிக்குப் பாதி கல். கால் கடுத்தது, கண்ணும் எரிந்தது. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கல்லைப் பொறுக்கினேன். சோறு ஆக வெகுநேரமாயிற்று. உப்பு போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.