ஆடு கடித்த பொட்டலம்

மணிக்காரர் என்றால் அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எழுபது ஆடுகள், கழுத்துமணி ஓசையை வைத்தே எது எங்கே மேய்கிறது என்று சொல்லிவிடுவார். கேட்ட வீட்டுக்கெல்லாம் பால் கொடுத்த கை அது. இரண்டு வருடம் மழை பொய்த்தது. சினை ஆடு ஒன்று மட்டும் மிஞ்சியது. அவருடைய எட்டு மாதப் பெண் குழந்தை குச்சியாய் இளைத்துப் போனாள்.

நிவாரண முகாமில் குழந்தைக்கு நாளுக்கு இரண்டு சத்துப்பசைப் பொட்டலம் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த வாரத்துக்கு உண்டு.

காலையில் தண்ணீருக்குப் போகும்போது மனைவி ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, "ஊட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். மாலைப் பொட்டலத்தை அவளே ஊட்டுவாள்.

இரண்டு வாரமாகியும் எடை ஏறவில்லை. முகாம் நர்ஸம்மா மனைவியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லும்மா, நீ தின்னுட்டியா?"

"பெத்த பிள்ளை வாயிலேருந்து பிடுங்கித் தின்பேனாக்கா?"

அவள் அழுதாள். பக்கத்தில் நின்ற மணிக்காரர் தரையைப் பார்த்தார்.

மூன்றாம் வாரம் நர்ஸம்மா ஒரு காலி உறையை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது.

"உன் பொண்ணுக்கு எத்தனை பல்லு?"

"இன்னும் முளைக்கவே இல்லையேக்கா."

பின்னால் நின்ற ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம்தான் தடம், மறுபக்கம் மழுங்கல். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. வரிசையில் நின்ற யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மணிக்காரரே, அடுத்த வாரம் ஆட்டையும் தராசுல ஏத்துங்க. நல்லா தேறியிருக்கும்!" என்றார் கிழவர்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அவ திங்கலம்மா," என்றார் மணிக்காரர். "காலைப் பொட்டலத்தை நான்தான் ஆட்டுக்குக் கொடுத்தேன். அது குட்டி போட்டா பால் வரும், பால் வந்தா பிள்ளை பிழைச்சுக்கும்னு..."

"அதுவரைக்கும் பிள்ளை காத்திருக்குமாண்ணே?" என்றாள் நர்ஸம்மா. அவள் மனைவியின் பக்கம் திரும்பினாள். "உன்னைப் போய்க் கேட்டேனேம்மா. மன்னிச்சுக்கோ."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் சும்மா நின்றார்.

மறுநாள் விடிந்ததும் மனைவி குடத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க தண்ணிக்குப் போங்க. ரெண்டு வேளையும் நானே ஊட்டிக்கிறேன்."

பட்டியில் ஆட்டின் கழுத்துமணி ஒலித்தது. கேட்காதவர்போல, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.