ரெக்சன் பெயரில் படிக்கிற கிளாடிஸ்

"எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள், அவள் அழகானவள்" என்று போர்த்துக்கீசிய மொழியில் கைப்பேசியிடம் சொல்லிவிட்டு, கிளாடிஸ் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். "சபாஷ், ரெக்சன்!" என்று திரை மின்னுகிறது. ரெக்சன் அவள் கணவன். தருவைக்குளத்துப் படகில் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் சிக்னல் கிடையாது. போர்த்துக்கல் படகில் வேலை இருக்கிறது, கொஞ்சம் பாஷை தெரிந்தால் போதும் என்று ஏஜென்ட் சொன்னதால் அவன் இறக்கி வைத்த செயலி அது. ஒருநாள் பாடம் தவறினாலும் அதில் எரிகிற சுடர் அணைந்துவிடும். "அவுக வாரது வரைக்கும் அணையாமப் பாத்துக்கிடுதேன்க்கா" என்றுதான் ஆரம்பித்தாள். இப்போது படிப்பெல்லாம் இவளுக்கு, பாராட்டெல்லாம் அவனுக்கு.

கிளாடிஸிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தக் கூடாது. காஜா எடுத்துக்கொண்டே வேறெங்கோ நடந்துகொண்டிருப்பாள். செயலிக்குள் ஓர் ஊர் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் போகாதவளுக்கு அதன் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. வெளியே உப்பளத்து வெயிலில் கண் கூசும்போது, "அங்கன மழைக்கா. ரொட்டிக்கடைக்காரரு குடை இருக்கான்னு கேக்காரு" என்பாள். "சன்னலு, மேசை, அலமாரிக்கெல்லாம் அங்கனயும் நம்ம பேச்சுதான். போய் எறங்குனா பொழச்சுக்கிடலாம்." யார் போய் இறங்குவது என்று நான் கேட்டதில்லை. என் ஜாக்கெட்டில் ஒரு கை நீளமாகப் போனது அந்த மழையால்தான். கோபம் வரவில்லை, கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு, பூசை முடிந்து ஜாக்கெட்டின் கையைக் குறைக்கக் கொடுக்கப் போனேன். கரைக்கு வந்திருந்த ரெக்சன் முழுக்கைச் சட்டை மாட்டி, கைப்பேசியின் முன்னால் வியர்த்து உட்கார்ந்திருந்தான். திரையில் வேலைக்கு ஆள் எடுக்கிற போர்த்துக்கல் படகுக் கம்பெனிக்காரர். "ஏளா, நீ எதுக்க நில்லு, எனக்கு ஒரு எழவும் ஞாபகம் நிக்காது" என்று கெஞ்சியிருக்கிறான். அதனால் கைப்பேசிக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் கிளாடிஸ். அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள், அவன் பார்த்துப் பார்த்துச் சொல்வான். பெயர், வயது, வலை, ஐஸ் எல்லாம் சுகமாகவே கடந்தன. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

கடைசியாக ஒன்று கேட்டார். இரண்டு வருஷம் மனைவியை விட்டு இருக்க முடியுமா என்று கேட்டாராம், கிளாடிஸ் பிறகு சொன்னாள். 'ஆமா' என்றால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். ரெக்சனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவள் வாயையே பார்த்தான்.

கிளாடிஸ் உதடுகள் இரண்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.