நீராவிப் படகும் ஒரு கட்டைவிரலும்

என் கணவருக்கு வந்த நோயை நான் முதலில் பார்த்தது ஒரு படகில். கோலாலம்பூருக்கு வெளியே, பூச்சோங் பக்கம் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தம்முடைய பொம்மைப் படகை ஓட்டுவார். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த மாடல் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்க் கரையோரப் புல்லில் செருகிக்கொண்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சுந்தரம் ரயில்வே கணக்குப் பிரிவில் எழுத்தர். சண்டைக்குப் போகாதவர், கடன் வாங்காதவர், குடிக்காதவர். ஒரே ஒரு கிறுக்கு, நீராவியில் ஓடும் படகைத் தம் கையால் கட்டி, கரையில் நின்றபடி ரேடியோவால் திருப்ப வேண்டும் என்பது. அதற்காக என் சமையலறையின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். என் இடியாப்ப உரலுக்குப் பக்கத்தில் அரமும் ஸ்க்ரூவும் கிடக்கும். வீட்டில் எப்போதும் ஸ்பிரிட் வாசம்.

மரத்தால் ஆன உடல்பகுதி முடிந்திருந்தது. விரல் நீள எஞ்சினும் தயார். கொதிகலன்தான் பாக்கி. அதுவரை சும்மா இருக்க மனம் வராமல் ஒரு சிறிய பேட்டரி மோட்டாரைப் படகுக்குள் வைத்து ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

படகு திரும்பாததற்கு அவர் சொன்ன காரணம் ஸ்பிரிங். ரேடியோப் பெட்டியில் இரண்டு குச்சிகள் இருக்கும். வலது கட்டைவிரலால் தள்ளும் குச்சிதான் படகைத் திருப்புவது. விரலை எடுத்தால் அது நடுவுக்குத் திரும்பி வர உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. “டைட்டா இருக்கு லா, ஃபேக்டரி ஸ்பிரிங் அப்படித்தான்” என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு அதுவும் டைட் என்றார். அதைவிட மெல்லியதாக ஒன்றைத் தேடிப் போட்டார். இப்படியே மாதங்கள் ஓடின. கோளாறு எப்போதும் சாமானில்தான் இருக்கும் என்பது இந்தப் படகுக்காரர்களின் நம்பிக்கை.

அவருடைய படகுக் கூட்டாளி தேவராஜ், கிள்ளான் துறைமுகத்தில் வெல்டர். மோட்டார் சைக்கிளில் வருவார், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். அவர்கூட ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்பட்டார்.

ஒரு ஞாயிறு, சுந்தரம் காலணி வாரைக் கட்டக் குனிந்தபோது பெட்டியை என் கையில் கொடுத்தார். நான் சுண்டுவிரலால் குச்சியைத் தொட்டேன். வெண்ணெயில் விரல் போனதுபோல ஓடிற்று.

“இதையா டைட்டுன்னு சொல்றீங்க?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வார் இன்னும் கட்டப்படாமல் கிடந்தது. கட்ட முடியாமல்தான் அவ்வளவு நேரம் குனிந்திருக்கிறார் என்று அப்போதுதான் கண்டேன். அவருடைய வலது கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை மேடாக இருக்க வேண்டிய இடம் குழிந்து போயிருந்தது. தினமும் சோறு பிசைகிற கைக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

முதலில் பக்கத்துக் கிளினிக். நரம்புக்கு வைட்டமின் ஊசி போட்டார்கள். பிறகு பெரிய மருத்துவமனை. தோலுக்கடியில் தசை தானாகத் துள்ளுவதை (அதை ஃபாசிகுலேஷன் என்றார்கள்) அங்கே இருந்த டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பின்னர் இ.எம்.ஜி. எடுத்தார்கள் (தசைக்குள் ஊசியைச் செருகி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை).

“மோட்டார் நியூரான் நோய்” என்றார் டாக்டரம்மா. (தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் அது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு.) “மருந்து இல்லீங்க. இருந்தா நான் மறைக்க மாட்டேன்.”

சுந்தரம் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “கண்ணு, மூளை இதெல்லாம் டாக்டர்?”

“அது ரெண்டும் கடைசி வரைக்கும் நல்லா இருக்கும்.”

எனக்கு அப்போது அது நல்ல செய்தியாகப்பட்டது. அதைவிடக் கொடுமை வேறில்லை என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அழுதேன். அவர் கொதிகலனைப் பற்றிப் பேசினார். “அதை முடிச்சிடணும் சரசு. ஒரு தடவையாச்சும் நான் ஸ்டீம்ல ஓட்டிப் பாக்கணும்.” மனுஷன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கேட்டது உயிரைப் பற்றித்தான்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த நோய் வந்திருக்கலாம். வந்தால் முதலில் வருவது வைத்தியம் சொல்கிறவர்கள் கூட்டம். என் நாத்தனார் கிள்ளானிலிருந்து எண்ணெய்க் குப்பியோடு வந்தார். சீன வைத்தியரிடம் போனோம், மலையாளத்து எண்ணெய் தேய்த்தோம், பத்துமலைக்கு வேண்டிக்கொண்டோம். நாத்தனாருக்குப் படகின் மேல்தான் சந்தேகம். “தண்ணியில வெளையாடற வயசாடா தம்பி இது? அந்த ஈயம் பத்த வைக்கிற புகையை மோந்து மோந்துதான் இப்படி ஆயிடுச்சு. தூக்கிப் போடு அதை” என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காரணம் ஏதும் இல்லாமல் ஒருவர் தேய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம், எதன் மேலாவது பழி போட்டால் கொஞ்சம் தேவலையாக இருக்கிறது.

வலது கை போய், இடது கையும் தளரத் தொடங்கியபோது நான் அவருக்குக் கையானேன். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். ஊசியில் நூல் கோக்கிற விரலுக்கு அரிசியளவு நட்டைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. செம்புக் கொதிகலனின் இணைப்புகளை வெள்ளிப் பற்றால் ஒட்டியது தேவராஜ். சூடு தங்க அதன் மேல் பருத்திக் கயிறு சுற்றியது நான். சுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் மேய்த்துக்கொண்டிருப்பார்.

“லெஃப்ட்ல திருப்புன்னா ஏன் ரைட்ல திருப்பறே?”

“உங்க லெஃப்ட்டா என் லெஃப்ட்டா? தெளிவா சொல்லுங்க. கோவம் மட்டும் தெளிவா வருது.”

சண்டை போட்டது எங்களுக்கு நல்லதாகவே இருந்தது. நோயாளியிடம் யாரும் சண்டை போடுவதில்லை. அந்த மரியாதையே அவரைப் பாதி கொன்றுவிடும்.

கொதிகலனுக்குள் தண்ணீரை அடைத்து அழுத்தி ஒழுகுகிறதா என்று சோதித்த நாளில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சுந்தரம் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. அது அப்படியே அழுகையாக மாறி, அதுவும் நிற்கவில்லை. நாத்தனார் பயந்துபோய்த் திருநீறு எடுக்க ஓடினார். அதுவும் நோயின் வேலைதான் என்று பிறகு டாக்டரம்மா விளக்கினார். (சிரிப்பையும் அழுகையையும் அடக்கும் நரம்புகளும் தளர்ந்துவிடுமாம்.) உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் பயப்படாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், அடங்கிவிடும்.

அன்று அடங்கிய பிறகு அவர் எனக்கு ஒரு விதியைச் சொன்னார். கொதிகலனில் தண்ணீர் தீர்வதற்கு முன்னால் அடியில் எரியும் ஸ்பிரிட் தீர வேண்டும். தண்ணீர் முதலில் தீர்ந்து நெருப்பு எரிந்துகொண்டே இருந்தால் செம்பு வெந்து பற்று விட்டுப்போகும். அதனால் ஸ்பிரிட்டை எப்போதும் குறைவாகவே அளந்து ஊற்ற வேண்டும்.

“எனக்குத் தண்ணி மொதல்ல தீருது சரசு. நெருப்பு அப்படியே எரியுது” என்றார். நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

படகை ஓட்டவும் என்னைப் பழக்கினார். பேட்டரி மோட்டாரோடு குட்டைக்குப் போவோம். படகு நம்மைவிட்டுப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். நம்மை நோக்கித் திரும்பி வந்தால் இடம் வலமாகிவிடும். நான் ஒவ்வொரு முறையும் தப்பாகத் திருப்பிக் கரையில் மோதினேன். அவர் நாக்கு அப்போதே தடித்திருந்தது.

“கரையில நிக்காத. படகுக்குள்ள உக்காந்துக்க. அங்கேருந்து திருப்பு.”

அது படகுக்காகச் சொன்னது. எனக்குப் பயன்பட்டது வீட்டில். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கட்டிலருகில் நிற்கிறவளாக இருந்தால் தோளைப் பிடித்து இழுக்கத் தோன்றும். அவருக்குள் போய் உட்கார்ந்தால் முதலில் எந்த முழங்கால் மடங்க வேண்டும், எந்தக் கை அடியில் நசுங்கும் என்று தெரிந்துவிடும். கஞ்சி கொடுக்கும்போதும் அப்படித்தான். புரை ஏறாமல் இருக்க (உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நிமோனியா வரும்) மோவாயைக் கீழே தாழ்த்தி, ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்ததைத் தர வேண்டும். அவசரப்படுத்துவது எப்போதும் கொடுப்பவர்தான்.

கொதிகலன் படகில் ஏறிய ஞாயிறு வெயில் மட்டாக இருந்தது. தேவராஜ் ஒரு வேன் கொண்டுவந்து, சக்கர நாற்காலியோடு அவரை ஏற்றினார். குட்டைக் கரையில் குடை நட்டோம். ஸ்பிரிட்டைப் பற்றவைத்துக் காத்திருந்தோம். நீராவி சேர நேரமாகும், அதை யாரும் விரட்ட முடியாது. பிறகு அந்தச் சின்னப் புகைபோக்கி இருமியது. எஞ்சின் டப் டப் என்று மூச்சுவிடத் தொடங்கியது. தேவராஜ் படகைத் தண்ணீரில் விட்டார்.

ரேடியோப் பெட்டியைச் சுந்தரத்தின் மடியில் தலையணை வைத்து அதன் மேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய வலது கட்டைவிரலை எடுத்துக் குச்சியின் மேல் வைத்து, அதன் மேல் என் கட்டைவிரலை வைத்தேன். அவர் தளர்த்தித் தளர்த்தி ஒன்றுமில்லாமல் ஆக்கிய ஸ்பிரிங்தான், இரண்டு விரல்களுக்கும் அடியில் இலகுவாக அசைந்தது. திருப்பியது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருமுறை நான் நினைக்காத பக்கம் அது போனது. என் விரலுக்கு அடியில் ஏதோ அசைந்ததாகத்தான் இன்றும் நம்புகிறேன். தேவராஜ் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

படகு குட்டையை இரண்டு தடவை சுற்றியது. பிறகு நடுத்தண்ணீரில் ஸ்பிரிட் தீர்ந்து நின்றுவிட்டது.

“அண்ணே, தூண்டில் கயிறு இருக்கு, இழுத்துடறேன்” என்றார் தேவராஜ்.

சுந்தரம் தலையை அசைத்து என்னவோ சொன்னார். அவர் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும். “காத்து கொண்டாந்துடுமாம். விட்டுடச் சொல்றாரு” என்றேன்.

விட்டுவிட்டோம். எனக்கு உட்கார்ந்து பழக்கமே இல்லை. கஞ்சி, மாத்திரை, துணி, தையல் என்று ஓடிக்கொண்டே இருந்தவள். அன்று செய்ய எதுவும் இல்லாமல் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்ல வீசியது. பாதியிலேயே அவர் தூங்கிப்போனார். நான் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து, அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது கேட்டார். “எப்படி வந்து சேந்துச்சு? முன்பக்கமாவா, பக்கவாட்டிலயா?”

எனக்குத் தெரியவில்லை. தேவராஜ் படகைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் அது கரை சேர்ந்ததே எனக்குத் தெரியும். “முன்பக்கமாத்தான்” என்று பொய் சொன்னேன். அவர் திருப்தியாக விழுங்கினார்.

அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியது. ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பது) செய்து இயந்திரத்தில் வைக்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார். சுந்தரம் கண்ணை மூடித் திறந்து வேண்டாம் என்றார். அப்படித்தான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். முடிவு அவருடையது என்று நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். எல்லா நாளும் மனம் தேறுவதில்லை.

அந்த ஞாயிறு படகு எப்படிக் கரை சேர்ந்தது என்று எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், காற்றுக்கு விட்ட பிறகு நான் படகைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நேரமும் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சோடு அது ஏறும், நிற்கும், இறங்கும். அந்தச் சின்ன இடைவெளியில் நானும் நின்றேன்.

இப்போது நான் கிள்ளானில் நாத்தனாரோடு இருக்கிறேன். கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போய் வருவதுண்டு. பக்கத்து இருக்கையில் யார் தூங்கினாலும், சீனக் கிழவரோ பள்ளிக்கூடப் பெண்ணோ, என் கண் முதலில் அவர் நெஞ்சுக்குத்தான் போகிறது. அது ஒருமுறை ஏறி இறங்கும் வரை என் மூச்சு வெளியே வருவதில்லை.