ருசி பார்க்காத சமையல்காரி

ஃபதிலா மெர்சூக்கிடம் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "ரயில் நிலையத்துக்குப் பின்னாடி" என்பாள். கேட்டவருக்கு அது போதாது. "அது சரி, நிஜமா எந்த ஊரு?" என்று தலையைச் சாய்த்து இன்னொரு தடவை கேட்பார். "நிஜமாத்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னாடி, இடது பக்கம்." பிரான்ஸின் சிற்றூரான வோர்மோனில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, ஐம்பத்தெட்டு வயதுவரை வேறெங்கும் குடியிருக்காதவள் வேறென்ன சொல்வாள்? அப்பா அல்ஜீரியாவிலிருந்து கார் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். கேட்பவர்களுக்கு எப்போதும் அந்த அப்பா கதைதான் வேண்டும். மகளுக்கு அதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

பத்தொன்பது வயதில் ஊர்ப் பள்ளிக் கேன்டீனில் தட்டுக் கழுவச் சேர்ந்தாள். முப்பத்திரண்டில் கரண்டி அவள் கைக்கு வந்தது. அரசாங்க வேலையில் மத அடையாளம் காட்டக் கூடாது என்பது பிரான்ஸ் சட்டம், அதனால் முக்காடோடு உள்ளே வர முடியாது. வாசலில் அதை அவிழ்த்து மடித்துப் பையில் வைப்பாள். அங்கிருந்து பத்தடி நடந்தால் சமையலறை; அங்கே சுகாதார விதிப்படி ஒரு முடிகூட வெளியே தெரியாமல் காகிதத் தொப்பி போட்டாக வேண்டும். "என் முடியை இந்தக் குடியரசு பாக்கறது இந்தப் பத்தடியிலதான்" என்று கூட வேலை பார்க்கும் பெர்னதெத்திடம் சொல்வாள். மழை நாளில் அதையும் ஓடிக் கடந்துவிடுவாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை பருப்பும் புகைபோட்ட பன்றி சாசேஜும். அதைச் சாப்பிடாமல் அந்தப் பக்கத்தில் ஒருவனும் ஆளானதில்லை. ஃபதிலா அதை வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் அவளைப் போல அதைச் சமைக்க வட்டாரத்திலேயே ஆளில்லை என்று பேர் எடுத்திருந்தாள். சாசேஜைத் தனியாக வேகவைத்து, அந்த நீரைப் பருப்பில் விடுவாள். எவ்வளவு விடுவது என்பதை அவள் மூக்கு சொல்லும். பிறகு பெர்னதெத் ஒரு கரண்டி எடுத்து, ஊதி, கண்ணை மூடி ருசி பார்த்து, "இன்னும் ஒரு சிட்டிகை உப்பு" என்றோ "போதும்டி" என்றோ தீர்ப்பு வழங்குவாள். மேல் கோர்ட்டுத் தீர்ப்பு கழுவ வரும் தட்டுகளில் இருக்கும். பிள்ளைகள் தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டிருந்தால் ஃபதிலாவுக்கு அன்று முழுக்க மனசு குளிர்ந்திருக்கும். பன்றி சாப்பிடாத பிள்ளைகள் இருபத்துநாலு பேர். அவர்களுக்கு ஆம்லெட். இதில் ஒரு பிரச்சினை ஒளிந்திருப்பது தேர்தல் வரும்வரை யாருக்கும் தெரியாது.

நகராட்சித் தேர்தலில் ரெஜிஸ் ஜிரார்தோ நின்றான். வயது முப்பத்துமூன்று, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அதே பள்ளியில் படித்தவன். அவனுடைய நோட்டீஸ் கேன்டீனுக்கும் வந்தது. பெர்னதெத் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்: "சின்ன வயதில் கேன்டீனில் சாப்பிட்ட பருப்பும் சாசேஜும்தான் எனக்கு பிரான்ஸ். அந்த ருசியை நம்மிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார்கள்."

"யாருடி பறிக்கறது?" என்றாள் ஃபதிலா.

"உங்க ஆளுங்கதான். நீதான்னு வெச்சுக்கயேன்."

"அவன் சின்ன வயசுல சமைச்சுப் போட்டது யாரு?"

"அதுவும் நீதான்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. ஆனால் ரெஜிஸ் ஜெயித்துவிட்டான். பள்ளிகளைக் கவனிக்கும் துணை மேயர் ஆனதும் முதல் வேலையாக ஆம்லெட்டை வெட்டினான். "ஒரே குடியரசு, ஒரே தட்டு" என்று பேட்டி கொடுத்தான். அடுத்த வியாழன் இருபத்துநாலு பிள்ளைகள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு அரை வயிற்றோடு எழுந்து போனார்கள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கேன்டீனிலிருந்து பிள்ளைகள் பசியோடு போவதை ஃபதிலா பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அதோடு விட்டதா? ஊர்க்காரர்களின் போனில் ஒரு சேதி சுற்ற ஆரம்பித்தது. கேன்டீன் சமையல்காரி ஹலால் கோழியை அரைத்து, சாசேஜ் தோலில் அடைத்து, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கள்ளத்தனமாகப் போடுகிறாளாம். இருநூறு சாசேஜைக் கையால் அடைக்க அவளுக்கு எங்கே நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த பருப்பு வியாழனன்று காலை பத்தரைக்கு ரெஜிஸ் ஃபைலோடு வந்து நின்றான்.

"வணக்கம் மேடம். ஒரு சின்னப் பரிசோதனை."

"வாங்க துணை மேயர் சார். தொப்பி போட்டுக்கங்க."

காகிதத் தொப்பி அவன் காதுவரை இறங்கியது. அவன் ஃபைலைத் திறந்தான். "ஒவ்வொரு பதார்த்தத்தையும் சமையல்காரர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு விதி இருக்கு. சாசேஜ் நாள்ல ஒரு தாள்ல கூட உங்க கையெழுத்து இல்ல."

"பெர்னதெத் கையெழுத்து இருக்கே."

"அவங்க சமையல்காரர் இல்லையே. இப்ப என் முன்னாடி ஒரு வாய் சாப்பிடுங்க, ஊர்ப் பேச்சும் அடங்கிடும். முடியாதுன்னா உங்களைத் துப்புரவுப் பிரிவுக்கு மாத்தறதைத் தவிர வழியில்ல."

பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஒரு வாய்தான். விழுங்கித் தண்ணீர் குடித்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஃபதிலா பயந்தது நரகத்துக்கு அல்ல. அந்த விவகாரத்தை அல்லாவிடம் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தைரியம் உண்டு. பிறந்த ஊரில் பிறந்ததற்கு இந்த வயதில் வாயைத் திறந்து அத்தாட்சி காட்டச் சொல்கிறானே என்றுதான் நெஞ்சு எரிந்தது. இன்றைக்கு சாசேஜ், நாளைக்கு ஒயின் என்பான், அதற்கப்புறமும் நிஜமா எந்த ஊரு என்று கேட்பான்.

அவள் சுவரைக் காட்டினாள். இறைச்சி எங்கிருந்து வந்தது என்று எழுதி மாட்டியிருந்த பலகை அங்கே தொங்கியது. "அதைக் கொஞ்சம் படிங்க சார்."

"பன்றி. பிறந்தது: பிரான்ஸ். வளர்ந்தது: பிரான்ஸ்."

"அவ்வளவுதானே? அதுக்கு மேல அந்தப் பன்னிய யாரும் ஒண்ணும் கேக்கல. எனக்கும் அதே ரெண்டு வரிதான். எனக்கு மட்டும் ஏன் பத்த மாட்டேங்குது?"

ரெஜிஸின் முகம் சிவந்தது. "விதின்னா விதிதான் மேடம்" என்று ஃபைலைப் பார்த்துச் சொன்னான்.

பெர்னதெத்துக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குப்பா அவளைப் போட்டுப் படுத்தற? நான் பாக்கறேன் ருசி."

"சரி, நீங்களே சொல்லுங்க. இது பன்றியா, கோழியா?"

பெர்னதெத் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவே இல்லை.

"தெரியல" என்றாள் கடைசியில்.

"என்னடி தெரியல?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துதே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் ருசியும் போச்சு, வாசனையும் போச்சு. வெளியே சொன்னா வேலை போயிடுமோன்னு பயம்."

ஃபதிலா துணை மேயரை மறந்தே போனாள். "பாவி! அப்ப இந்த ஒன்பது வருஷமா இன்னும் ஒரு சிட்டிகை உப்பு, இன்னும் ஒரு சிட்டிகை உப்புன்னியே?"

"மூணு தடவைக்கு ஒரு தடவை சொன்னாதானே நீ நம்புவ? நீ போட்ட உப்பெல்லாம் என்ன பாடு படுத்துதோன்னு எனக்குப் பக்குபக்குனு இருக்கும்."

"நான் எங்க போட்டேன்? உன் மனசு நோகக் கூடாதேன்னு வெறும் கையை ஆட்டிட்டு வருவேன்!"

ஆக, ஒன்பது வருஷமாக வோர்மோன் பிள்ளைகளின் பருப்பைப் பரிமாறுவதற்கு முன் ருசி அறிந்த நாக்கு ஒன்றுகூடத் தொட்டதில்லை. ரெஜிஸ் வாயைத் திறந்தபடி நின்றான். திறந்த வாயை ஃபதிலா வீணாக்கவில்லை. ஒரு தட்டில் பருப்பை ஊற்றி, சாசேஜை வெட்டி வைத்து நீட்டினாள்.

"நீ சாப்பிடு ரெஜிஸ்." சாரும் போயிற்று, மரியாதையும் போயிற்று. "கோழியா பன்னியான்னு நீயே சொல்லு."

அவன் ஒரு வாய் சாப்பிட்டான். பிறகு இன்னொரு வாய். கை தானாக ரொட்டியைத் தேடிப் போய்த் தட்டைத் துடைத்தது.

"எப்படி?"

"அதேதான்" என்றான். "சின்ன வயசுல யார் சமைச்சாங்கன்னு நான் யோசிச்சதில்ல."

"வயிறு ரொம்பினா எந்தப் பிள்ளையும் யோசிக்காது. நோட்டீஸ் அடிக்கறப்ப யோசிச்சிருக்கலாம்."

அவன் தாளை இழுத்து, நகராட்சியின் சார்பில் ருசி பார்த்ததாகத் தானே கையெழுத்துப் போட்டான். இனி சாசேஜ் வியாழன்களில் தானே வருவதாகவும் சொன்னான். விதியைக் காப்பாற்ற அவன் செய்யும் தியாகம் அவன் முகத்தில் பளபளத்தது. ஃபதிலா விடவில்லை.

"உன் கையெழுத்து ஆச்சு. சமையல்காரி கையெழுத்துக்கு எங்க போறது? எனக்கும் ருசி பாக்க ஒரு பதார்த்தம் வேணுமே. ஆம்லெட்னு எழுது. நாளைக்குக் கேக்குக்கு வாங்கின முட்டை இருக்கு."

"சரி, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கங்க."

"ஒண்ணு பத்தாது. வயசாயிடுச்சு, நாக்குல ருசி மெதுவாத்தான் ஏறுது. இருபத்தஞ்சு வேணும்."

"இருபத்தஞ்சா?"

"எழுதுப்பா."

ரெஜிஸ் அவளைப் பார்த்தான். பெர்னதெத்தைப் பார்த்தான். அவளோ மும்முரமாக முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் 25 என்று எழுதினான்.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஃபதிலாவே ஆம்லெட் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். தொப்பியைக் கழற்ற மறந்த துணை மேயர் கதவோரம் நின்றிருந்தான். ஏழு வயது இனாயா தன் தட்டைப் பார்த்தாள், ஃபதிலாவைப் பார்த்தாள், கரண்டியை எடுக்கவில்லை.

"எனக்குக் குடுத்த தண்டனை முடிஞ்சுடுச்சா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

ஃபதிலா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ நிக்கறாரு பாரு, அவரைக் கேளும்மா."