துருநிறத் தூள்

பொம்மனஹள்ளி பாஞ்சாலி ஒரு கல்லூரியின் தாவரவியல் கூடத்தைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைக்கிறாள். காளானின் தொப்பியைக் கிள்ளி வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைத்தால், மறுநாள் தூள் படிந்து அதன் நிறம் தெரியும். பேராசிரியை பிள்ளைகளுக்குச் சொன்னதைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு அது பழகிவிட்டது.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. மதிலோரம் மட்கிக் கிடந்த மரத்துண்டில் பொடிப்பொடியாய்ப் பழுப்புக் காளான்கள். வாட்ச்மேன் முனிகிருஷ்ணன் அவற்றைப் பறித்து டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மரக்காளான்மா. சின்ன வயசுல எவ்ளோ தின்னிருக்கேன். வீட்ல நான் மட்டுந்தான் தின்பேன். இதுக்கு முன்னாடி கறி நிக்காது."

பாஞ்சாலி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தண்டில் மெல்லிசாக ஒரு வளையம். மனசுக்குள் என்னவோ உறுத்தியது. சரியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? கூட்டுகிறவள் சொன்னால் சிரிப்பார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அந்தத் தொப்பியைக் காகிதத்தில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை டம்ளரை எடுத்தாள். காகிதத்தில் இரும்புத் துரு மாதிரி வட்டமாய்த் தூள். மட்கிய மரம், வளையம், துரு நிறம். மூன்றும் சேர்ந்தால் ஈரலை அரிக்கும் விஷமாக இருக்கலாம் என்று பேராசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. முனிகிருஷ்ணனுக்கு போன் போட்டாள். அவர் மனைவி ஷோபா எடுத்தாள்.

"நேத்து பூரா வாந்தி, பேதி அக்கா. ஆஸ்பத்திரில சேத்தோம். இப்ப நல்லாயிட்டாரு, வீட்டுக்குக் கெளம்பறோம்."

பேராசிரியை சொன்ன இன்னொன்றும் பாஞ்சாலிக்கு நினைவு வந்தது. அந்த விஷம் ஒரு நாள் சும்மா விட்டுவிட்டுத்தான் மறுபடி பிடிக்கும்.

"கெளம்பாதீங்க ஷோபா! நான் வரேன்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது முனிகிருஷ்ணன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்தார். பாஞ்சாலி டாக்டரிடம் காகிதத்தை நீட்டி, தெரிந்ததையெல்லாம் சொன்னாள். அவர் உடனே மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் ரிசல்ட்டோடு வந்த டாக்டர் ஷோபாவைத் தனியாகக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் முனிகிருஷ்ணனின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. புதன்கிழமை அவருக்குத் தன் பெயரே தெரியவில்லை.

இருபத்தாறு நாள் கழித்து எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். இனி கேட்டில் நின்று வேலை பார்க்க முடியாது.

பார்க்கப் போன பாஞ்சாலியின் கையை ஷோபா இறுகப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ வரலேன்னா பொணமாத்தான் தூக்கியிருப்போம்" என்றாள். பிறகு கேட்டாள்: "சனிக்கிழமையே உனக்கு சந்தேகம் இருந்துச்சா அக்கா?"

பாஞ்சாலிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருந்துச்சு."

ஷோபா கையை எடுத்துக்கொண்டாள்.