பாய் கடையில் ஒளிந்திருந்த பால்மாவு

தொண்ணூற்றேழாம் ஆண்டு, இந்தோனேசியக் காட்டுத்தீயால் ஊரையே புகைமூட்டம் மூடியிருந்த மாதங்களில் நடந்தது இது. மலாக்கா புக்கிட் காத்திலில் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், அப்போதுதான் வீடு வாங்கிக் குடிவந்திருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். எனக்குத் தாய்ப்பால் நின்றுபோயிருந்தது. பசும்பால் மாவு கொடுத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த சோயா பால்மாவுதான் அவளுக்கு எல்லாமே. அதுவும் எங்கள் பக்கம் பாய் கடையில் மட்டும்தான் கிடைக்கும்.

புகை நாளுக்கு நாள் அடர்த்தியானது. பிள்ளைகளுக்கு ஓயாத இருமல், கிளினிக்கில் உட்கார இடமில்லை. கூடவே ஒரு வதந்தியும் கிளம்பியது. கப்பல் வராதாம், லோரி ஓடாதாம், சாமானெல்லாம் தீர்ந்துவிடுமாம். அவ்வளவுதான், ஆயர் குரோவிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்து அரிசி, பால்மாவு என்று பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

பாய் பார்த்தார். மிச்சமிருந்த பால்மாவை உள்ளறையில் வைத்துவிட்டு, வெளியாட்களிடம் "முடிஞ்சிருச்சு" என்று சொல்லத் தொடங்கினார். கைப்பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து யாராவது போனால் மட்டும், சத்தமில்லாமல் ஒரு டின் வெளியே வரும். விலை எப்போதும் உள்ள விலைதான்.

ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் டின் அடிதட்டிவிட்டது. மகளைத் தோளில் சாய்த்து மெல்லிய துணி போர்த்திக்கொண்டு கடைக்கு நடந்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் துணைக்கு வந்தார். பிள்ளையில்லாதவர், என் மகள் என்றால் அவருக்கு உயிர்.

கடை வாசலில் அரசாங்க வேன் நின்றது. வாணிப அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் இரண்டு பேர். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். உள்ளறைப் பெட்டிகளெல்லாம் வெளியே தரையில் கிடந்தன. சுற்றிலும் கூட்டம்.

"சரக்க வெச்சிக்கிட்டே இல்லன்னு சொல்றது பதுக்கல். சட்டப்படி குத்தம், தெரியுமா?" என்று மூத்த அதிகாரி மலாயில் கேட்டார்.

"கைப்புள்ளைங்களுக்காகத்தான் வெச்சேன், துவான். ஒரு காசு கூட்டி விக்கல," என்றார் பாய்.

பெட்டிகளைப் பறிமுதல் செய்து, விசாரணை முடியும்வரை பூட்டி வைக்க வேண்டும் என்றார் அதிகாரி. பாய்க்கு லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம். எனக்கோ, அந்தப் பெட்டிகள் வேனில் ஏறினால் சாயங்காலம் மகளுக்குப் பால் இல்லை.

எப்படி முன்னால் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "துவான், என் புள்ளைக்கு இதத் தவிர வேற எதுவும் சேராது. இவர் எடுத்து வெக்கலன்னா போன வாரமே எங்களுக்கு இல்லாமப் போயிருக்கும். அவர் மேல கேஸ் போடாதீங்க, பாலையும் கொண்டு போயிடாதீங்க."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு வேனுக்குப் போய் வயர்லெஸ்ஸில் யாரிடமோ வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"இந்தத் தடவை எச்சரிக்கையோட விடுறேன். ஆனா எல்லா டின்னும் இப்பவே அலமாரிக்கு வரணும். யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லக் கூடாது."

பாய் டின்களை அடுக்க அடுக்கக் கூட்டம் நெருங்கியது. தொழிற்சாலைச் சீருடையில் ஒரு சீனர் கை கொள்ளாமல் டின்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். அதில் சோயா டின்களும் இருந்தன. பாய் என்னைப் பார்த்தார். அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

அக்கா சட்டென்று குரல் கொடுத்தார். "பாய்தான் இல்லன்னு சொல்லக் கூடாது. நாம வேணாம்னு சொல்லலாம்லா! கைப்புள்ள இருக்கிறவங்க மொதல்ல எடுங்க, மத்தவங்க கொஞ்சம் பொறுங்க!" அதையே மலாயிலும் ஒருமுறை சொன்னார்.

அந்தச் சீனர் திரும்பி என் மகளைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். தன் கையிலிருந்த சோயா டின்களை எடுத்து என் பையில் போட்டார். தனக்கு ஒரே ஒரு டின் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அலமாரியிலேயே திருப்பி அடுக்கினார். "என் வீட்லயும் ஒரு குட்டி இருக்கு," என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் நீண்டிருந்த கைகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் மகளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அடுத்த வாரம் அதே வேன் மறுபடியும் வந்ததாம்; அக்காதான் வந்து சொன்னார். பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி இறங்கி வந்து, "மேலிடத்துல கேட்டுட்டேன். ஆளுக்கு ஒரு டின்னுன்னு எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதி மாட்டுங்க. அது தப்பில்ல. ஒளிச்சு வெச்சாத்தான் தப்பு," என்றார். பாய் நீட்டிய சிரப் தண்ணியைக் கூட வாங்கவில்லை. "அந்தப் பாப்பா எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.

மகள் வளர்ந்து இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனாலும் ஏதோ சாமான் தீரப்போகிறது என்று கடைகளில் கூட்டம் முண்டியடிக்கும்போதெல்லாம், பயம் வருவதற்கு முன்பே அந்த மனிதர்களின் முகங்கள் எனக்கு ஞாபகம் வந்துவிடும். நானும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.