ஆயரின் பெயருக்கு ஓர் இருமல்

"எங்கள் ஆயர் எவாசியோவோடும்" என்று பங்குச்சாமியார் சொல்லி வாயை மூடவில்லை, ஒர்சொலா இருமிவிட்டாள். ஒரே ஒரு இருமல். வறண்டது, குட்டையானது, கதவை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டியது போல. அதற்கு முன்னால் திருத்தந்தையின் பெயர் வந்தபோது அவள் தொண்டை சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் இறந்தவர்களை நினைத்தபோதும் சுத்தமாக இருந்தது. பூசையில் ஆயரின் பெயர் வருகிற அந்த ஓர் இடத்தில் மட்டும், மூன்று வருஷமாக, ஞாயிறு தவறாமல் அவளுக்கு இருமல் வரும்.

நான் அவளுக்குப் பின் வரிசையில் உட்காருகிறவன். அந்தப் பெஞ்சு நான் கொடுத்தது. நல்ல ஓக் மரம். அடியில் என் பேர் வெட்டியிருக்கிறது, முழங்காலில் நின்று குனிந்தால் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பத்து வயதில் ஆற்றங்கரையில் அதிமதுர வேர் தோண்டப் போனவன் நான். இன்று எங்கள் ஊர் ரோக்காமாராவில் வேரைக் காய்ச்சிக் கருப்பு மிட்டாயாக்கும் ஆலை என்னுடையது. பதினான்கு குடும்பம் அதில் சாப்பிடுகிறது. இத்தாலியின் தென்கோடியில் இந்தக் கலாப்ரியா முழுக்க எத்தனை தொண்டைகளை என் மிட்டாய் அடக்கியிருக்கிறது என்று எண்ணி முடியாது. முன் வரிசையில் இருக்கும் இந்த ஒரு தொண்டைதான் எனக்கு வசப்படவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கைப் பாட்டு முடிந்ததும் தகர டப்பாவைத் திறந்து அவள் தோளருகே நீட்டுவேன். அவள் திரும்பாமலே கையை ஆட்டுவாள். நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவள் அதற்கு முன் ஒரு மணி நேரம் வாயில் எதையும் போடக் கூடாது என்பாள். மருந்துக்கு விலக்கு உண்டு என்று நான் ஒருமுறை சட்டம் பேசினேன்.

"நோய்க்குத்தான் மருந்து, நிக்கோதேமோ," என்றாள். "இது நோயில்ல. கருத்து."

எங்கள் கோயில் புனித பிளாசியாருடையது. தொண்டைக்கென்றே உள்ள புனிதர். பிப்ரவரி மூன்றாம் தேதி சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து ஆசீர்வதிப்பார். மற்றவர்களுக்கு ஒரு நொடி. ஒர்சொலாவின் கழுத்தில் மட்டும் திரிகள் நெடுநேரம் நிற்கும். அவள் நாடியை உயர்த்திக்கொண்டு பொறுமையாக நிற்பாள். "புனிதருக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு சாமி," என்பாள். "அவரும் ஒரு ஆயர்தானே. அவர ஊர் ஜனங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு."

இவளுடைய தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறவள். கோயில் படிக்கட்டுக்குக் கீழே ஒற்றை அறை, மூன்று இஸ்திரிப் பெட்டி, கம்பளி விரித்த நீள மேஜை. அரிசிக் கஞ்சியைத் தானே காய்ச்சுவாள். கடைக் கஞ்சியைத் தொட மாட்டாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு முடி கிடையாது, நாற்பது வருஷ ஆவி எடுத்துக்கொண்டது. பலிபீட விரிப்பு, சாமியாரின் வெள்ளை அங்கி எல்லாம் அவள் கைதான். அதோடு, ஆயரின் லேஸ் வைத்த மேலங்கியும். வடக்கிலிருந்து வந்த ஆயர் மாளிகைக் கன்னியாஸ்திரிகளுக்கு அந்த லேஸைக் கலைக்காமல் தேய்க்கத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை அவளிடம் வரும். நீலக் காகிதத்தில் மடித்து, நாலு மூலையிலும் ஊசி குத்தித் திருப்பி அனுப்புவாள். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. நல்ல வேலைக்காரனை நல்ல வேலைக்காரன்தான் அடையாளம் கண்டுகொள்வான், அதனால் சொல்கிறேன்.

ஆளைப் பிடிக்காது, அங்கியை மட்டும் தேய்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில். "உள்ள யார் இருக்காங்கன்னு அங்கிக்குத் தெரியுமா?"

ஆயர் மேல் ஊருக்குக் கோபம் வரக் காரணம் இல்லாமல் இல்லை. வடக்கிலிருந்து வந்த வருஷமே திருவிழாவில் பேண்டு வாத்தியத்தை நிறுத்தினார். மறு வருஷம், புனிதரின் சுரூபம் மேல்தெருப் படிக்கட்டு ஏற வேண்டாம், தூக்குகிறவர்களுக்கு ஆபத்து என்றார். அவர் பிரசங்கம் காகிதத்தைப் பார்த்து ஏழு நிமிஷம். அந்தக் கடைசிக் குற்றத்தை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் படியிலேயே சபை கூடும். ஒரு பக்கம் ஒர்சொலா. எதிர்ப்பக்கம் கோயில்பிள்ளை வித்தாலியானோ. மெழுகுதிரி அணைக்கிற நீளக் கோலை ஈட்டி மாதிரி ஊன்றிக்கொண்டு நிற்பார். ஆயரை அனுப்புகிறவர் திருத்தந்தை, எடுக்கிறவரும் அவர்தான், நடுவில் நமக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. அப்படியானால் மிலானில் என்ன நடந்தது என்று இவள் கேட்பாள். அந்தக் காலத்தில் அங்கே ஓர் அரசாங்க அதிகாரியை, ஞானஸ்நானம்கூட ஆகாதவரை, கூட்டம் கூச்சல் போட்டே ஆயராக்கிவிட்டது; பிறகு அவர் புனிதரே ஆகிவிட்டார். கூச்சல் போட்டு ஏற்ற முடியுமென்றால் கூச்சல் போட்டு இறக்கவும் முடியும் என்பாள்.

"விரல்ல மோதிரம் இருக்கு பாத்தியா?" என்றார் வித்தாலியானோ ஒருநாள். "அது கல்யாண மோதிரம். மறைமாவட்டம்தான் அவருக்குப் பொண்டாட்டி. மூஞ்சி பிடிக்கலன்னு புருஷன வீட்டைவிட்டுத் துரத்துவியா நீ?"

"கல்யாணம்னா பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கணும் அண்ணே," என்றாள் ஒர்சொலா. "எங்கள யாரு கேட்டா? சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாதுன்னு திருச்சபையே சொல்லுது."

வித்தாலியானோ கோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மணி அடிக்கப் போய்விட்டார். அப்போது மணி அடிக்கிற நேரமே இல்லை.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, சாமியார் ஆயரின் ஆணையை வாசித்தார். சாமியார்கள் பற்றாக்குறை. புனித பிளாசியார் பங்கு, கீழ்நகரப் பேராலயப் பங்கோடு சேர்க்கப்படுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் முதல் இங்கே ஞாயிறு பூசை கிடையாது, கதவு பூட்டப்படும். வாசித்துவிட்டு அவர் பீடத்திலிருந்து இறங்காமல் அப்படியே நின்றார். மேல்தெருவில் கிழங்களும் கிழவிகளும்தான் மிச்சம். கீழ்நகரத்துக்கு நூற்றுத் தொண்ணூறு படி. நான் வண்டியில் போய்விடுவேன். ஒர்சொலாவுக்கு முழங்கால் இரண்டும் போய் வருஷமாகிறது. அவள் தேய்த்த விரிப்பு பீடத்தில் இருந்தது, கசங்காமல்.

அன்று அவள் படியில் நிற்கவில்லை. மறுநாள் காலையில் மனு தயாராகிவிட்டது. ரோமுக்கு. தனித்தனித் தாளில் இரண்டு வேண்டுகோள்: கோயிலைப் பூட்டாதீர்கள், ஆயரை மாற்றுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது. படித்தவர்களெல்லாம் கோழிக் கிறுக்கல் போடுகிறார்கள். என் கையெழுத்தை எட்டடி தள்ளி நின்று வாசிக்கலாம். எட்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். தாள்கள் சமையலறை, சலூன், காப்பிக் கடை என்று சுற்றி, எண்ணெயும் ஒயினுமாகக் கசங்கி வந்தன. இப்படியே ரோமுக்கு அனுப்பினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு தாளையும் துணி போட்டு மூடி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டாள். பிறகு நீலக் காகிதத்தில் மடித்து நாலு மூலையிலும் ஊசி குத்தினாள். வேறு மாதிரி மடிக்க அந்தக் கைக்குத் தெரியாது.

மேஜையில் பக்கத்திலேயே, அதே நீலக் காகிதத்தில், அதே நாலு ஊசியோடு, ஆயரின் மேலங்கியும் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு பொட்டலம் பதிவுத் தபாலில் ரோமுக்குப் போனது. இன்னொன்றை ஆயர் மாளிகைக்கு என் வண்டியே கொண்டுபோய்க் கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து ஆயர் மாளிகையிலிருந்து கூப்பிட்டு, ஒர்சொலா அம்மையார் வர முடியுமா என்றார்கள். நான்தான் வண்டி ஓட்டினேன். நான் போகாமல் அவளைத் தனியாக அனுப்புகிற ஆளில்லை. ஆயர் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் எங்கள் மனு. என் கையெழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது. ஒர்சொலா அதைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் வியர்க்காதவளுக்கு அங்கே வியர்த்தது.

ஆயர் சுற்றி வளைக்கவில்லை. ஆயரின் ஆணையை எதிர்த்து ரோமுக்குப் போக வேண்டுமென்றால், பத்து நாளுக்குள் முதலில் அந்த ஆயரிடமே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அதுதான் திருச்சபைச் சட்டம் என்றார். நேரே ரோமுக்குப் போட்டிருந்தால் பிரித்துப் பார்த்துவிட்டு மூலையில் வைத்திருப்பார்கள். பத்து நாளும் கடந்திருக்கும். கதவையும் பூட்டியிருப்பேன் என்றார்.

"இது ஒன்பதாம் நாளே என் கைக்கு வந்துடுச்சு," என்றார். "தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டேன். இனி நான் பதில் சொல்லியாகணும். எனக்கு மேல இருக்கறவங்களும் சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்க கதவு திறந்திருக்கும்."

அந்தத் தாளை அவர் அடுப்பில் போட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்தேன். ஒர்சொலாவும் அதைத்தான் யோசித்திருப்பாள். அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் தன்னை மாற்றச் சொன்ன தாளைத் தனியே எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "என்னை மாத்தறது என் கையில இல்ல. அதுக்கு வேற அலுவலகம், பின்பக்கம் விலாசம் எழுதியிருக்கேன்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை எனக்கு உறுதிபூசுதல் பூசை இருக்கு அம்மா. என் மேலங்கி எங்க?"

ஒர்சொலா தொண்டையைச் செருமினாள். உண்மையான செருமல்.

"ரோம்ல, ஆண்டவரே."

ஆயர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சரி," என்றார் ஆயர். "நான் போறதுக்கு முந்தியே அது போயிடுச்சு."

சிரிக்கலாமா என்று அவள் என்னைப் பார்த்தாள். அந்த மனிதர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. வடக்கத்தியர்கள் அப்படித்தான். நாங்கள் வண்டியில் ஏறிய பிறகுதான் சிரித்தோம். நான் இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டினேன்.

திரும்பும் வழியில் தபால் நிலையத்தில் நிறுத்தச் சொன்னாள். ஆயர் எழுதிக் கொடுத்த விலாசத்துக்கே, ஆயரை மாற்றச் சொல்லும் தாளைப் பதிவுத் தபாலில் போட்டாள். இனியும் இது எதற்கு என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற," என்றாள். "நல்ல மனுஷன்தான். இந்த ஊருக்கு ஆகாது."

கதை அதற்குள் படியேறி வந்துவிட்டிருந்தது. வித்தாலியானோ கோலோடு காத்திருந்தார். ஆளை இறக்கச் சொல்லி ஆரம்பித்தவள் முதல் தவணையாகச் சட்டையை அனுப்பியிருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். அவள் காதில் வாங்காமல் கஞ்சி காய்ச்சப் போனாள். உறுதிபூசுதலுக்குள் ஆயரின் பழைய மேலங்கி ஒன்றைத் தேய்த்து அனுப்ப வேண்டியிருந்தது. இந்த முறை காகிதத்தின் மேல் கரியால் பெரிய சிலுவை போட்டாள்.

ஞாயிறு வந்தது. இப்படி ஒரு கூட்டத்தை எங்கள் கோயில் திருவிழாவில்கூடக் கண்டதில்லை. கீழ்நகரத்திலிருந்தும் ஏறி வந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஒரு இடம்தான் தேவை; ஆயர் பெயர் வருகிற இடம். அவள் இருமினால் வித்தாலியானோ தோற்றார். இருமாவிட்டால் அவள் தோற்றாள் என்று ஆண்கள் பக்கம் பேச்சு. பெண்கள் பக்கம் பேச்சே இல்லை. காணிக்கைப் பாட்டு முடிந்தது. மூன்று வருஷப் பழக்கம், என் கை டப்பாவைத் திறந்துவிட்டது. இன்று நீட்டலாமா கூடாதா என்று எனக்கே சந்தேகம் வந்து பாதியில் நின்றது.

சாமியார் திருத்தந்தையின் பெயரைச் சொன்னார். மூச்சு இழுத்தார்.

ஒர்சொலா திரும்பாமலே, தோளுக்கு மேலே, உள்ளங்கையைப் பின்னால் நீட்டினாள்.